பட்டமரத்து வளைவு

“அவளுக்காக ஒண்ணும் நான் அங்க நிக்கலடே.”

சண்முகவேல் சொன்னது அவ்வளவுதான். மலைமேல் ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டுக்கு நிற்கும் வரிசையில், அவனுடைய ஆபீஸ் சிநேகிதன் ஜெரால்டு, “பட்டமரத்துப் பக்கம் எப்பப் பாத்தாலும் பொண்டாட்டிக்குக் காவல் நிக்கிய, குளுருல காலு மரத்துப் போவாதா மக்கா?” என்று கேலி செய்ததற்கு, சிரிக்காமல், முன்னால் பார்த்தபடியே சொன்ன பதில். பனிச்சறுக்குப் பலகைகளைச் சாத்தி வைக்கும் மரச்சட்டத்துக்கு மறுபுறம் குனிந்து பூட்ஸின் கொக்கியை இறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி உலகம்மையின் காதில் அது விழுந்தது. அவள் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. கொக்கி பல்லில் ஏறாமல் வழுக்கியது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் வழுக்கியது. நிமிர்ந்தால் பார்த்துவிடுவான், பார்த்துவிட்டால் அவள் கேட்டுவிட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் அவன் முகம் ஒரு மாதிரி ஆகும், அதை அவள் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குக் குனிந்தே இருப்பது மேல். ஈரப் பனியும் ரப்பரும் சேர்ந்த வாடை மூக்கில் ஏறியது. ஜெரால்டு ஏதோ சொல்லித் தனக்குத் தானே சிரிப்பது கேட்டது. பிறகு லிஃப்டின் சத்தம் மட்டும்.

அவர்கள் இரண்டு பேரும் ஒரு நாற்காலியில் ஏறிப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வரிசைக்கு வந்தாள். நடுவில் யார் யாரோ புகுந்துகொண்டார்கள். அவள் முறை வந்தபோது பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்காலின் பின்புறத்தில் இடித்து இருவரையும் அள்ளிக்கொண்டது. தரை விலகியது. தலைக்கு மேலிருந்த கம்பியை அந்தப் பெண் ஒற்றைக் கையால் இறக்கிவிட்டாள், பஸ்ஸில் ஷட்டரை இறக்குகிற மாதிரி. உலகம்மை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்காக இல்லை. சரி, அவளுக்காக இல்லை. அதில் என்ன வந்துவிட்டது? ஒரு மனிதன் ஒரு வளைவில் நிற்கிறான், மூச்சு வாங்க நிற்கலாம், வேடிக்கை பார்க்க நிற்கலாம், பொண்டாட்டிக்காக நிற்கிறான் என்று எவள் நினைத்துக்கொள்ளச் சொன்னது? ஆனால் அவள் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஜனவரியிலிருந்து, இந்த ஏப்ரல் வரைக்கும், வாரா வாரம். வேறு எது இல்லாவிட்டாலும் அந்த வளைவில் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது பேசுவதில்லை, படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான், போகட்டும், அங்கே நிற்கிறான் அல்லவா. அந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பனிக்காலம் முழுவதையும் அவள் தாண்டி வந்திருந்தாள். இன்றைக்கு சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். வியாழக்கிழமை அவளுக்கு விமானம். சென்னைக்கு, அங்கிருந்து தென்காசிக்கு. டிக்கெட்டைப் போட்டவன் அவன்தான். போவதற்கு மட்டும். “திரும்பி வர்றத அப்புறம் பாத்துக்கலாம், மெதுவா வா” என்றான், லேப்டாப்பை மூடிக்கொண்டே. மெதுவாக வா. அவளைப் பார்த்து இந்தக் குளிர்காலம் முழுவதும் எல்லோரும் சொன்னது அதைத்தானே.

கீழே சரிவு நகர்ந்தது. வெயில் பட்ட பக்கம் பனி சர்க்கரைப் பாகு போல இளகி, நடுவில் திட்டுத் திட்டாகப் பழுப்புப் புல் தெரிந்தது. ஓரமாக, சின்னப் பிள்ளைகளை மேலே ஏற்றும் நகரும் பட்டை. அதில்தான் அவளுக்கும் முதல் பாடம். பெரியவர்களுக்கான வகுப்பு என்று போட்டிருந்தாலும் பட்டை ஒன்றுதான், முன்னாலும் பின்னாலும் இடுப்பு உயரத்துக்குப் பிள்ளைகள், ஹெல்மெட்டும் மூக்குச்சளியுமாக. சொல்லிக்கொடுக்க வந்த மார்ட்டின் கல்லூரிப் படிப்பு முடிக்காத பையன், கண்ணாடி மறைத்த இடம் போக முகமெல்லாம் வெயிலில் கன்றிப்போயிருந்தான். பலகைகளின் முன்நுனி இரண்டையும் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும், அதற்குப் பிள்ளைகளின் பாஷையில் பீட்சா என்று பெயர், ஒரு துண்டு பீட்சாவின் வடிவம். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவளைப் பார்த்து அவன் “பீட்சா! பீட்சா!” என்று கத்திக்கொண்டே பின்னோக்கிச் சறுக்கிப் போவான். அவளுக்குக் காரணம் தெரியும், கோணம் தெரியும், உராய்வு தெரியும். கால் கேட்க வேண்டுமே. வேகம் எடுத்தவுடனே உடம்பு தன்னால் பின்னால் சாயும். சாய்ந்தால் பலகையின் முன்பக்கம் லேசாகும், லேசானால் சொன்னபடி கேட்காது, இன்னும் வேகமாகப் போகும். “மலையைக் கட்டிப் பிடிக்காதீர்கள், உலகம்மை,” என்பான் மார்ட்டின், அவள் பெயரை உடைத்து உடைத்து. “மலை உங்களைக் காப்பாற்றாது. உடம்பைப் பள்ளத்துப் பக்கம் கொடுங்கள். எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் போவீர்கள்.” பள்ளத்துப் பக்கம் உடம்பைக் கொடுப்பதாம். சொல்வது சுலபம். பயந்த உடம்பு எப்போதாவது பள்ளத்தைப் பார்த்துச் சாயுமா? அவள் பக்கவாட்டில் மலையைப் பார்த்தபடியே போனாள், மலையின் மேலேயே போய் விழுந்தாள், பனி கழுத்துக்குள் போய் முதுகு வழியாக உருகி இறங்கியது. சண்முகவேல் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் குற்றாலத்துப் பாறையில் வழுக்கி விளையாடிய காலாம், ஜெரால்டு சொன்னான். “தங்கச்சி, ஒம் மாப்ளைக்குப் போன சென்மத்துல இந்த ஊருதான் பாத்துக்க.”

முதலில் எல்லா வளைவிலும் நின்றான். கம்பு இரண்டையும் பனியில் குத்தி, மேலே பார்த்து, கையை உயர்த்திக் காட்டி, இப்படி வா, அப்படித் திரும்பு, உலகு, முட்டிய மடக்கு என்று. பிறகு ஒன்று விட்டு ஒரு வளைவில். பிறகு மற்ற இடமெல்லாம் போய் அந்த ஒரு இடத்தில் மட்டும். மேலே லிஃப்டை விட்டு இறங்கி, முதல் செங்குத்தைக் கடந்தால் இடது பக்கம் மரங்கள் விலகித் திறந்துகிடக்கும் வளைவு. எப்போதோ மின்னல் விழுந்து கரிந்துபோன பைன் மரம் ஒன்று ஓரத்தில் நிற்கும். பட்டமரத்து வளைவு என்று அவர்கள் மூவரும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். அங்கே நிற்பான், ஆனால் மேலே பார்க்கமாட்டான். முதுகைக் காட்டி நிற்பான். ஊதா நிற ஜாக்கெட், தோள் கொஞ்சம் முன்னால் தொங்கி, கை இரண்டும் கம்பின் தலையில். அவள் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். பக்கத்தில் அவள் வந்து தடுமாறி நிற்கும் நேரத்துக்கு, “வந்துட்டியா, போலாம்” என்று கிளம்பிவிடுவான், அவள் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளக்கூட நேரம் தராமல். கோபம் என்று நினைத்தாள். சலிப்பு என்று நினைத்தாள். அன்றொரு நாள் அவள் நிலைகொள்ளாமல் அவனுடைய இடது பக்கமாக வந்துவிட்டாள், திறந்த பக்கம், சட்டென்று கம்பைக் குறுக்கே நீட்டி மறித்தான். “அந்தப் பக்கம் பாக்காத. பள்ளம். தலை சுத்தும் ஒனக்கு.” அவள் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தே பழகியவளுக்கு அது கஷ்டமா என்ன? ஆனால் குரல் என்னவோ போலிருந்தது. உன் பயத்தைத்தான் நான் அறிவேனே என்று குத்திக்காட்டுகிற குரல். அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அன்றிரவு ரசம் வைத்து, அவனைச் சாப்பிடக் கூப்பிடாமல் மூடி வைத்துவிட்டுப் படுத்தாள். அவனும் கூப்பிடாததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நாற்காலி ஒரு குலுக்கலுடன் நின்றது. முன்னும் பின்னும் ஆடி, அடங்கி, அந்தரத்தில் தொங்கியது. சத்தமெல்லாம் ஓய்ந்து, எங்கேயோ உருகிய பனி சொட்டுவது கேட்டது. பக்கத்துப் பெண் காதிலிருந்து பாட்டை எடுத்துவிட்டு, “யாராவது கீழே ஏறும்போது விழுந்திருப்பார்கள்” என்றாள், அலுப்பில்லாமல். உலகம்மை தலையாட்டினாள். இந்தத் தொங்கலை அவள் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறாள். முதல் தடவை ஏறியபோது நாற்காலி அவள் காலை வாரிவிட்டது, அதற்கடியில் குப்புறக் கிடந்தாள், லிஃப்டை நிறுத்தினார்கள், மலை உச்சி வரைக்கும் முகம் தெரியாத அத்தனை ஜனமும் அவளால் காற்றில் தொங்கியது. எழுந்து நின்றபோது சண்முகவேல் அவள் முட்டியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டான், தட்டிக்கொண்டே இருந்தான், பனி போன பிறகும். அது ஜனவரி. அப்போது தொட்டுக்கொண்டிருந்தான். அவளுக்காக இல்லை. யாருக்காக, அப்படியானால்? அந்த வளைவில் போனில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று ஜெரால்டு ஒருதரம் சொன்னான். யாரிடமாவது பேசுகிறானோ? அவள் வருவதற்குள் பேசி முடித்துவிடுகிறானோ? ஆனால் போனைக் கையில் ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி ஜேபியில் வைத்திருப்பான், அதைப் பார்த்திருக்கிறாள். கண்ணைக் கூசுகிற வெளிச்சத்தில் வெறுங்கண்ணோடு என்ன பார்ப்பது? ஆபீஸில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி உண்டு, இந்த மலைக்கும் வருவாள். சீ. அப்படிப்பட்டவன் இல்லை. அப்படிப்பட்டவனாக இருந்தாலாவது கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், ஜெரால்டு வந்து பஞ்சாயத்துப் பண்ணியிருப்பான். அவர்களுக்குச் சண்டை இல்லை. நவம்பருக்குப் பிறகு ஒரு சண்டைகூட இல்லை. சண்டை போடுவதற்கும் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கவேண்டும்.

நவம்பர். நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தாள், ஆனால் நாற்காலி ஓடவில்லையே, நினைப்பு எங்கே போகும், அது கிடைத்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழாம் மாதம். வயிற்றுக்குள் ஒரு நாள் முழுக்க அசைவில்லை. சாப்பிட்டுப் பார்த்தாள், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள், இடப்பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கருவியை வைத்துத் தேடிய டாக்டர் அதை நகர்த்துவதை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதே தெரிந்துபோயிற்று. பெற்றுத்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். பெற்றாள். பெண். யாரோ இரக்கமுள்ளவர்கள் பின்னிக் கொடுத்த ஒரு கம்பளிக் குல்லாய், சாத்துக்குடி அளவு, நர்ஸ் அதைப் போட்டுக் கையில் கொடுத்தாள். காது மடல் மேலே மடிந்து அச்சாக அவன் காது. அவன் அதைத் தொடவில்லை, தன் காதைத் தொட்டுக்கொண்டான். பிறகு தென்காசியிலிருந்து அம்மா போனில், ஸ்பீக்கரில், அந்த வெள்ளைச் சுவரெல்லாம் எதிரொலிக்க: “ஏட்டி, அழாதட்டி, சொல்லுறதக் கேளு. பச்ச மண்ண எரிக்கக் கூடாது, பூமிக்குத்தான் குடுக்கணும். பெத்தவ அங்க காலு வைக்கக் கூடாது. எந்த எடம்னுகூடக் கேக்காத. கேட்டா மனசு அங்கயே கெடந்து சுத்தும், அடுத்தது வயித்துல தங்காது. மாப்ள, நீங்களும் சொல்லிராதீங்க.” அவன் “சரி அத்த” என்றான். அவள் நம்புகிறவள் இல்லை. கல்லூரியில் இதையெல்லாம் எதிர்த்துப் பேச்சுப்போட்டியில் பேசிப் பரிசு வாங்கினவள். ஆனால் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றைச் செய் என்று சொன்னால் போதும் என்றிருந்தது. அவளும் சரி என்றாள். இரண்டு சரி. நர்ஸ் மட்டும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “நல்ல இடம் அது. கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு மூலை. வெயில் முதலில் அங்கேதான் படும், இந்த ஊரில் பனி முதலில் உருகுகிற இடம்” என்று சொல்லத் தொடங்கினாள். உலகம்மை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் நிறுத்திவிட்டாள்.

அவன் தனியாகத்தான் போனான். முதல் பனி விழுந்த நாள். நல்ல சட்டை ஒன்றைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி, பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தான், அவள் சொல்லவில்லை. எப்போது திரும்பினான் என்று தெரியாது. குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து போய்ப் பார்த்தபோது தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்துண்டோடு தரையில் குந்தி உட்கார்ந்து, ஷூவைப் பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் களிமண். குழிக்குள் இறங்கி நின்றால்தான் அப்படிக் கணுக்கால் வரைக்கும் ஏறும். அப்போது கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவன் நிமிர்ந்து பார்த்து, “தூங்கலையா?” என்றான். “இல்ல” என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் கேட்பதற்கான வாசல் நாளுக்கு நாள் சிறிதாகிக்கொண்டே போனது, இப்போது அதில் ஒரு சொல்கூட நுழையாது. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. உடம்புக்கு யாரும் சேதி சொல்லவில்லை, அது தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. நெஞ்சு கல்லாகி, தொட்டால் உயிர் போயிற்று. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்றாள் அம்மா. ஆஸ்திரியாவில், நவம்பரில், மல்லிகைப்பூ. அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். இருட்டிய பிறகு ஒரு பூந்தொட்டியோடு வந்தான், பஸ்ஸில் குளிர் படாமல் கோட்டுக்குள் அணைத்து வைத்துக்கொண்டு, தொட்டியின் ஈரம் சட்டையெல்லாம். மல்லிகைதான் என்று எழுதியிருக்கிறது என்றான். இறுக மூடிய இளஞ்சிவப்பு மொக்குகள், ஒன்றுகூடப் பூக்கவில்லை. நர்ஸ் சொன்ன கோஸ் இலையை வைத்துக் கட்டி, வலி மாத்திரையைப் போட்டு, பால் தானாக வற்றிய பிறகுதான் அது பூத்தது. வீடெல்லாம் மணத்தது. இருவரும் அந்த மணத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார்கள், ஒருநாள் அவள் தொட்டியைக் கொண்டுபோய்ப் படிக்கட்டில் வைத்துவிட்டு வரும்வரை. குளிரில் ஒரே இரவில் கருகிவிட்டது. அவன் அதைப் பார்த்தான். காலையில் வேலைக்குப் போகும்போது குனிந்து, கருகின இலைகளைக் கிள்ளி எடுத்து, பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு போனான். எதற்கு அதைக் கொண்டு போனான்? குப்பைத்தொட்டி படியிலேயே இருந்ததே. எங்கே கொண்டு போனான்?

நினைப்பு அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது. நாற்காலியும் நின்றுகொண்டுதான் இருந்தது. ‘வீட்டுக்குள்ளேயே இருந்தா சுவரெல்லாம் மேல வந்து விழுது உலகு, எங்கயாவது மேல போவோம்’ என்றுதான் ஜனவரியில் இந்த வகுப்பில் சேர்த்தான். மேலே. அவள் அந்த வார்த்தையை அப்போது கவனிக்கவில்லை. இந்த ஊரைச் சுற்றி மலைக்கா பஞ்சம்? ஆபீஸில் எல்லோரும் போகிற பெரிய மலை வேறு இருந்தது, இதைவிட நல்ல பனி, இதைவிடச் சாய்வு குறைவு, கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் தோது என்று ஜெரால்டு எவ்வளவோ சொன்னான். இல்லை, இங்கேதான் என்றான். ஒரே பிடியாக. அந்தப் பக்கம் பாக்காத. கம்பைக் குறுக்கே நீட்டினானே, அந்தக் கை. அந்தக் குரலில் இருந்தது கேலி என்று அவளுக்கு யார் சொன்னது? சரி அத்த. சரி என்று ஒரு தடவை சொன்னவன், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கம்பைத்தான் நீட்ட முடியும். அவள் தலையைத் திருப்பினாள். மேலே போகிற நாற்காலியில் பின்னால் திரும்பிப் பார்ப்பது அவளுக்கு எப்போதுமே ஆகாத காரியம். மெல்ல, முதலில் தோளை, பிறகு கழுத்தை. கூரைகள், ஆறு, ரயில் பாலம், அதற்கப்பால் எதிர்மலை, எல்லாம் ஒரே வெளிச்சத்தில் கரைந்து கிடந்தன. கண்ணில் தண்ணீர் கட்டியது. “உடம்புக்கு முடியவில்லையா?” என்றாள் அந்தப் பெண். “வெளிச்சம்” என்றாள் உலகம்மை. பெண் தன் ஜேபியிலிருந்து கசங்கின காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அதே சமயம் நாற்காலி குலுங்கி மறுபடி ஓடத் தொடங்கியது.

மேலே இறங்குமிடத்தில் ஜெரால்டு மட்டும் நின்றுகொண்டிருந்தான். “என்ன தங்கச்சி, அந்தரத்துல வச்சு எங்கள ஒரு மணி நேரம் ஆட்டிட்டியே, கீழ விழுந்தது நீதானோன்னு பாத்தேன்!” என்று சிரித்தான். “மாப்ள முன்னாடியே போயாச்சு. நீ மெதுவா வா, அவசரமே இல்ல” என்று சொல்லிவிட்டு வலதுபக்கத் தடத்தில் கூவிக்கொண்டே இறங்கி மறைந்தான். அவள் செங்குத்தின் விளிம்பில் நின்றாள். பனி மேலே கஞ்சி மாதிரி இளகி, அடியில் இறுகிக் கிடந்தது. கீழே, கரிந்த மரத்தின் பக்கத்தில், ஊதா ஜாக்கெட். முதுகு. வியாழக்கிழமை இந்த முதுகு விமான நிலையத்தின் வாசல் வரைக்கும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரும், மெதுவா வா என்று சொல்லும், அவள் போய்விடுவாள், ஊரில் அம்மா எண்ணெய் தேய்த்துவிடுவாள், யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், ஆறு மாதம், ஒரு வருடம், அப்புறம் எதற்கு என்று ஆகிவிடும். அவள் போன பிறகும் இவன் இங்கே வந்து நிற்பான். பனி இல்லாவிட்டாலும் நடந்தாவது ஏறி வந்து நிற்பான். தனியாக. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு முதன்முதலாக அவன் மேல் கோபம் வந்தது. நல்ல கோபம், சூடாக, காதெல்லாம் எரிகிற மாதிரி. நான் பெத்தவ. இவன் மட்டும் பார்ப்பானாமா?

பலகைகளைத் திருப்பினாள். உடம்பு வழக்கம்போலப் பின்னால் சாய்ந்தது, மலையைத் தேடியது. முட்டியை மடக்கினாள், கணைக்கால் பூட்ஸின் நாக்கில் அழுந்தும் வரை, நெஞ்சைப் பள்ளத்தின் பக்கம் கொடுத்தாள். காற்று முகத்தில் அறைந்தது. ஒரு கணம் எல்லாமே விழுவதுபோலத்தான் இருந்தது, பிறகு காலின் கீழே பலகை பனியைக் கவ்வுகிற ஒரு கரகர சத்தம், அவள் சொன்னபடி கேட்கிற சத்தம், இந்தக் குளிர்காலம் முழுவதும் அவளுக்குக் கிடைக்காமலிருந்தது. அதில் சந்தோஷப்பட நேரமில்லை. திரும்பினாள், இன்னொரு தடவை திரும்பினாள். மரம் கிட்டே வந்தது. அவனுடைய வலப்பக்கமாக, மலையோரமாகத்தான் எப்போதும் வந்து நிற்பாள். இன்று இடதுபக்கம் போனாள். பீட்சா, பீட்சா என்று வாய் முணுமுணுத்தது, பலகையின் பின்பக்கம் அகன்றது, பனியை உழுதுகொண்டு, அவனுக்கும் திறந்த வெளிக்கும் நடுவில் வந்து நின்றாள். அவன் கம்பை நீட்ட வாய்ப்பில்லாமல் நின்றுவிட்டான். கண்ணாடி ஜேபியில் இருந்தது. கண் சிவந்திருந்தது. “வந்துட்டியா” என்றான். போலாம் என்று சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். ஆறு தெரிந்தது, ரயில் பாலம் தெரிந்தது, மாதா கோயில் கோபுரத்தின் கூர் தெரிந்தது, எதிர்மலையில் பனி இன்னும் வெள்ளையாகவே கிடந்தது, அங்கங்கே மட்டும் விலகிப் பச்சை தெரிந்தது, ஒரு பச்சை இல்லை, பல பச்சை. எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“என்னங்க,” என்றாள். “எந்த எடம்?”

அவன் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிக் கீழே போட்டான். பனியில் குத்தி நிறுத்தியிருந்த கம்பை உருவி எடுத்து, தோள் உயரத்துக்குத் தூக்கி, ஆற்றுக்கு அப்பால் நீட்டிக் காட்டினான். அதன் நுனி ஆடாமல் ஓரிடத்தில் நிற்பதற்காக, இன்னொரு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.